ராத்திரி ஓடிய வண்டி, காலையில் செத்துக் கிடந்தால்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘இரவு நன்றாக ஓடிய பைக், காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஹாரன் இல்லை, மீட்டர் லைட்டும் இல்லை. பேட்டரி போட்டு 14 மாதம்தான். கடைக்காரர் புதுசு போடச் சொல்கிறார். போடலாமா?’

இப்போதைக்கு வேண்டாம். பேட்டரி சாகப்போகிறது என்றால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், ஹாரன் கம்மும். எல்லாம் ஒரே ராத்திரியில் அடியோடு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது மெயின் ஃபியூஸ், அடுத்தது டெர்மினல், அதாவது பேட்டரியில் வயர் மாட்டும் முனை.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து உப்புக் காற்றுக்குச் செம்பு வயர் தாங்காது. மீன் பெட்டி ஏற்றும் வண்டியில் ஐஸ் தண்ணீர் வேறு ஒழுகும். டெர்மினல் போல்ட் மேலே பளிச்சென்று இருக்கும். கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சை பூத்திருக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாகக் காயவிட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மைனஸ் வயரின் மறுமுனை சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) பிடித்திருக்கும் இடத்தை யாரும் பார்ப்பதே இல்லை. அங்கே துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்.

அப்போதும் எடுக்காவிட்டால் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வையுங்கள். மீட்டரே வைக்காமல் ‘பேட்டரி போச்சு’ என்பவர் மெக்கானிக் இல்லை, பேட்டரி விற்பவர். 12.6 வோல்ட் இருந்தால் சார்ஜ் நிறைவாக இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கியிருக்கிறது. 5 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு அரை ஆம்பியரில் சுமார் 10 மணி நேரம் ஏற்ற வேண்டும். கார் சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால், இருக்கிற உயிரும் போகும்.

கடைக்காரர் சொல்வது சரியாகும் இடம் ஒன்று உண்டு. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். ஒன்று செத்தால் மீட்டர் 10.5-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் சும்மா இறங்கிப்போன பேட்டரியும் அதே 10.5 காட்டலாம். அதனால் முதல் அளவை நம்பாதீர்கள். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். அப்போதும் 10.5 என்றால்தான் செல் போனது. அதற்கு வைத்தியம் கிடையாது.

சார்ஜ் ஏறியும் மறுபடி இறங்கினால் எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, பேட்டரி வோல்ட்டை அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். குறைந்தால் மின்சாரம் உண்டாக்கும் காயில், வயர்களை இணைக்கும் கப்ளர், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மூன்றில் ஒன்று. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர். அதை மாற்றாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் வெந்துவிடும். அளவு சரியென்றால், பேட்டரியில் நேராகப் பிடித்த ஃபாக் லைட், போன் சார்ஜர், அலாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் ஒழுகினால் போதும், 5 ஏ.எச். பேட்டரி நாலே நாளில் காலி.

பழைய பேட்டரியைப் ‘புதுசின் விலையில் கழித்துக்கொள்கிறேன்’ என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வாரண்டிக்குக் காட்ட வேறென்ன இருக்கிறது? விற்கும்போது வாரண்டி அட்டையில் தேதி போட மாட்டார்கள், பில்லும் தர மாட்டார்கள். கோளாறென்று போனால் இரண்டையும் கேட்பார்கள். ‘கம்பெனிக்கு அனுப்பணும்’ என்று நாள் கடத்தினால், அதுவரை ஓட்ட மாற்று பேட்டரி கேளுங்கள், உங்கள் பேட்டரியைக் கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட சீட்டும் வாங்குங்கள். புதுசே வாங்க நேர்ந்தால், ஸ்டிக்கரை விட்டுவிட்டு உறையில் பதித்த தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்.