ஆசிட்டை மூடி வையுங்கள், டார்ச்சை எடுங்கள்

கேள்வி: எங்கள் பேரூராட்சி மணிக்கூண்டின் அடியில், முதல் உலகப் போருக்குப் போனவர்கள் நினைவாக ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. மேல்பாதி மஞ்சளடித்துவிட்டது, கீழ்ப்பாதி பாசி பிடித்துக் கறுத்திருக்கிறது. எழுத்தும் மங்கல். சுதந்திர தினத்துக்குள் ஆசிட் ஊற்றிக் கழுவி, எழுத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள் இளைஞர் மன்றத்தினர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஆசிட், பெயிண்ட் இரண்டுமே வேண்டாம்.

வீட்டுச் சமையல் மேடை கடப்பைக்கல்லாக இருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எலுமிச்சைச் சாறு சொட்டிய இடம் வெளுத்துப் போயிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிறம் வராது. கடப்பையும் சலவைக்கல்லும் ஒரே சுண்ணாம்பு வம்சம். இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைக்கே இந்தக் கதி என்றால் பாத்ரூம் ஆசிட்டுக்குக் கேட்கவா வேண்டும்! ஊற்றியதும் புசுபுசுவென்று நுரைக்கும். அழுக்கு கழல்கிறது என்று நினைப்போம், கரைவது கல். கழுவி முடித்ததும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதும் மெருகு போன மேல்தோல்தான். அந்தச் சொரசொரப்பில் அடுத்த ஐப்பசி மழைக்குப் பாசி முன்னைவிட வேகமாக ஏறும். எழுத்தின் பள்ளமோ சில மில்லிமீட்டர்தான். இப்படி நாலைந்து சுதந்திர தினம் போனால், படிக்க எதுவும் மிஞ்சாது.

அந்த எழுத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வேலூர் மணிக்கூண்டுக் கல்லைப் பார்த்திருப்பீர்கள்: இங்கிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன படையினர் 10 லட்சத்துக்கும் மேல். அவர்களை அனுப்பிய பல ஊர்களில் வைத்த கல்லில் இருப்பது இரண்டு எண்கள், அவ்வளவே. உங்கள் கல்லும் அப்படிப்பட்டதாக இருந்தால், ஓர் இலக்கம் அழிந்தாலும் ஊர்க் கணக்கே மாறிவிடும். நான் பார்க்கப் போன ஓர் ஊரில், மங்கிய 3-ஐ பெயிண்டர் நல்லெண்ணத்தோடு 8 ஆக்கிவைத்திருந்தார். அதற்குப் பிறகு எல்லோரும் அதையே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் முதல் வேலை டார்ச். இரவில் போய், கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து, பகலில் தெரியாத எழுத்தெல்லாம் எழுந்து வரும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பேரூராட்சி செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதியும் வாங்கிவிடுங்கள். கல் மன்றத்தின் சொத்து இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இருந்தால் நீங்கள் தொடவே கூடாது.

இல்லையென்றால் கழுவலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு கல்லுக்குள் இறங்கிப் பொரிந்து மேல்தோலை உதிர்க்கும். மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ நல்லது. விரலால் ஒரு மூலையைத் தடவிப் பாருங்கள். சர்க்கரை மாதிரி துகள் ஒட்டினால் கல் நொந்திருக்கிறது, அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு கல் பாதுகாப்பு வல்லுநரைத் தேடுங்கள். துகள் வராவிட்டால் முழுக் கல்லையும் முதலில் நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு கோடாகக் கறை விடும். மென்மையான நைலான் பிரஷ் போதும். சோப்பு தேவைப்பட்டால் காரமில்லாத திரவ சோப்பு சில துளிகள். கம்பி பிரஷ், உப்புத்தாள், ப்ளீச்சிங் பவுடர், வாட்டர் சர்வீஸ் கடைப் பீச்சுகுழாய் எதுவும் கிட்டே வரக்கூடாது.

பாசிக்குப் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் நன்றாகத் தண்ணீர் கலந்து (ஒரு சதவீதம் போதும்), கையுறை போட்டுக்கொண்டு ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் தடவுங்கள். தேய்க்காதீர்கள். பாசி செத்து, வெளுத்து, வாரக்கணக்கில் தானாக உதிரும். சுதந்திர தினத்துக்குள் முடியாமல் போகலாம், போகட்டும். மஞ்சளில் ஒரு பகுதி கல்லின் வயது. அதை எடுக்க நினைக்காதீர்கள்.

பெயிண்ட் விஷயம். இனாமல் பெயிண்டில் உள்ள எண்ணெய் கல்லில் ஊறி, எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் விடும். எழுத்து சாம்பல் நிறத்தில், நகம் பட்டால் கீறல் விழுகிற மாதிரி இருந்தால் அது ஈயம் பதித்த எழுத்து, அதன் மேல் எதையும் பூசக்கூடாது. வெறும் செதுக்கெழுத்து என்றால், டார்ச் படத்தில் ஐயமில்லாமல் தெரிகிற பள்ளங்களுக்குள் மட்டும் மெல்லிய தூரிகையால் அக்ரிலிக் வண்ணம் இடலாம். ஐயமுள்ள இலக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். கல்லைச் சுற்றி சந்து விட்டிருந்தால் சுண்ணாம்புக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள், சிமென்ட் வேண்டாம்.

மன்றத்துப் பிள்ளைகளின் ஆர்வத்துக்கு வேறு வேலை இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவுகளில் போரில் இறந்தவர்களை இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் உண்டு. ஜில்லா அன்றைய பெயரில் இருக்கும்: வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. ஊர்ப்பெயரை வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். பெயர் கிடைத்தால் பழைய கல்லில் செதுக்காமல், பக்கத்தில் தனிக் கல் வையுங்கள்.

விழா அன்று மாலையைக் கல்லின் மேல் ஆணி அடித்துத் தொங்கவிடாமல், முன்னால் ஒரு ஸ்டாண்டில் போடுங்கள். சந்தனம், குங்குமம், மஞ்சள் மூன்றும் சலவைக்கல்லில் இறங்கினால் எளிதில் போகாது. பொட்டு வைத்தே தீரவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், ஸ்டாண்டுக்கு வைக்கச் சொல்லுங்கள்.