டிராபனி மாகாணப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிசிலியின் மேற்கு முனையில் உள்ள டிராபனி மாகாணத்துக்குப் பயணம் செய்ய விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐந்து இரவுகள் இருக்கின்றன. எந்த மாதம் செல்லலாம், எங்கே தங்கலாம்?

மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மாதங்கள் ஏற்றவை. ஆகஸ்ட்டில் இத்தாலியர்களே விடுமுறைக்குத் திரண்டு வருவதால் அறை வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஐந்து இரவுகளையும் டிராபனி நகரின் பழைய பகுதியிலேயே கழிப்பது நல்லது. நாளுக்கு ஓர் ஊர் என்று அறைகளை முன்கூட்டியே பதிவு செய்து வைப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் இந்தக் கரையில் அன்றன்றைய திட்டத்தைத் தீர்மானிப்பது காற்றுதான். வடமேற்கிலிருந்து மாயிஸ்த்ராலே காற்று பலமாக வீசினால் தீவுகளுக்கான விரைவுப் படகுகள் ரத்தாகும், 750 மீட்டர் உயரத்தில் உள்ள எரிச்சே ஊருக்கு ஏறும் ரோப் காரும் நின்றுவிடும். எனவே கடல் அமைதியாக உள்ள நாளைத் தீவுகளுக்கும், காற்று மிகுந்த நாளைச் செஜெஸ்தா, செலினுந்தே, மர்சாலா போன்ற தரைவழி இடங்களுக்கும் ஒதுக்குங்கள். எரிச்சேக்குத் தெளிந்த காலைப்பொழுதில் செல்லுங்கள். கீழே வெயில் காயும்போதே மேலே மேகம் மூடிக்கொள்வதுண்டு.

புனித வெள்ளியை ஒட்டிச் செல்பவர்கள் மட்டும் தங்குமிடத்தை மிக முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். இயேசுவின் பாடுகளைக் காட்டும் இருபது சிற்பத் தொகுதிகளைத் தொழிற்குழுவினர் தோளில் சுமந்து, வெள்ளி பிற்பகலில் தொடங்கிச் சனிக்கிழமை வரை நகரை வலம்வருவார்கள்.

கேள்வி: எகாதி தீவுகளில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

டிராபனிக்கு எதிரே கடலில் உள்ள இம்மூன்று தீவுகளில், முதன்முறை செல்பவர்கள் ஃபவிஞ்ஞானாவைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் சமதரையான தீவு என்பதால், துறைமுகத்தருகே சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதும். இங்கும் காற்றின் திசை பார்த்துத்தான் குளிக்கும் இடத்தை முடிவு செய்ய வேண்டும். வடக்கிலிருந்து வீசும் நாளில், எல்லாப் படங்களிலும் காணப்படும் காலா ரோஸ்ஸாவில் அலை மோதும். தெற்குக் கரையில் உள்ள லீதோ புர்ரோனேயில் அதே நேரத்தில் நீர் அசையாமல் கிடக்கும். காலா ரோஸ்ஸாவின் செங்குத்துச் சுவர்கள் இயற்கையானவை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கட்டடக் கல்லை அறுத்தெடுத்த குவாரிகளின் மிச்சமே அவை.

பலர் கடற்குளியலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமே. 1874ஆம் ஆண்டில் இத்தீவுகளை விலைக்கு வாங்கிய ஃப்ளோரியோ குடும்பத்தின் சூரைமீன் பதப்படுத்தும் ஆலை இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. கி.மு. 241இல் ரோமானியர், வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் கப்பற்படையை இக்கடலில் முறியடித்து, அந்நகரத்துடன் நடத்திய முதலாம் பியூனிக் போரை முடித்துவைத்தனர். அந்தச் சண்டையில் எதிரிக் கப்பலை மோதி உடைப்பதற்காக முகப்பில் பொருத்தியிருந்த வெண்கல முட்டுகளைக் கடலடியிலிருந்து மீட்டு அங்கே வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

குகை ஓவியங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு லேவன்சோவே முதல் தேர்வு. 1949இல் கண்டறியப்பட்ட ஜெனொவேசே குகையில், கடல்மட்டம் தாழ்ந்து இத்தீவு சிசிலியோடு ஒட்டியிருந்த காலத்தில் செதுக்கிய மான், எருது உருவங்களும், பிற்காலத்தவர் கருநிறத்தில் தீட்டிய மீன் உருவங்களும் உள்ளன. வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி உண்டு என்பதால் முன்பதிவு அவசியம். மூன்றாவது தீவான மாரெத்திமோ மலையேறுபவர்களுக்கு உரியது. படகில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதால் அங்கே ஓர் இரவு தங்குவதே முறை.

கேள்வி: சூரைமீன் வேட்டையான மத்தான்சாவை இப்போதும் பார்க்க முடியுமா?

முடியாது. ஃபவிஞ்ஞானாவில் கடைசி வேட்டை 2007இல் நடந்தது. மேலே சொன்ன ஆலையில் உள்ள படக்காட்சிகளே இன்று கிடைப்பவை.

கேள்வி: செஜெஸ்தா, செலினுந்தே இரண்டும் கிரேக்கக் கோயில்கள்தானே? ஒன்றைப் பார்த்தால் போதாதா?

வாகனம் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஏனெனில் ஒன்றின் கதை மற்றொன்றில்தான் முடிகிறது. செலினுந்தே கிரேக்கக் குடியேற்றம். செஜெஸ்தாவோ எலிமியர் என்னும் மண்ணின் மக்களின் நகரம். எல்லைத் தகராறில் செஜெஸ்தா முதலில் ஏதென்ஸின் உதவியை நாடியது. தங்களைச் செல்வந்தர்களாகக் காட்டிக்கொள்ள, இரவல் வாங்கிய பொன், வெள்ளிக் கிண்ணங்களையே வீடு வீடாக மாற்றி வைத்து ஏதென்ஸ் தூதர்களுக்கு விருந்தளித்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 415இல் புறப்பட்டு வந்த ஏதென்ஸ் படை, சிசிலியின் கிழக்குக் கரையில் உள்ள சிரக்யூஸ் நகரில் அழிந்தது. அடுத்து செஜெஸ்தா கார்த்தேஜை அழைத்தது, கி.மு. 409இல் செலினுந்தே தரைமட்டமானது.

செஜெஸ்தாவின் கோயிலில் 36 தூண்களும் நிற்கின்றன. ஆனால் தூண்களில் வரிப்பள்ளங்கள் இல்லை, கருவறையும் இல்லை, படிக்கற்களைத் தூக்குவதற்காக விட்டுவைத்த முண்டுகளைக்கூட இன்னும் செதுக்கி நீக்கவில்லை; வேலை பாதியில் நின்றுபோன கோயில் அது. செலினுந்தேயில் வேலை எப்படி நின்றது என்பதை அருகில் உள்ள கூசா குவாரியில் காணலாம்: பாதி வெட்டிய தூண் உருளைகள் பாறையோடு ஒட்டியபடியே இருக்கின்றன. பயணக் குழுக்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் இக்குவாரியை நான் இரண்டு கோயில்களுக்கும் மேலாகவே மதிக்கிறேன்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு உண்பவர்கள். அங்கே எங்களுக்கு என்ன கிடைக்கும்?

நீங்கள் நினைப்பதைவிட நிறையவே கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். முறுக்கிய வடிவில் இருக்கும் புசியாத்தே பாஸ்தாவை, பாதாம், தக்காளி, பூண்டு, துளசியினத்தைச் சேர்ந்த பேசில் இலை ஆகியவற்றை இடித்த டிராபனி பெஸ்தோவுடன் தருவார்கள். அருகில் உள்ள நூபியாவின் செம்பூண்டுதான் அதற்குக் காரம் தருவது. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் கப்பொனாத்தா, கடலைமாவில் செய்து பொரிக்கும் பனெல்லே ஆகியவையும் உண்டு. ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் வைத்த பானே கூன்சாத்தோ ரொட்டியில் பெரும்பாலும் நெத்திலி இருக்கும். அது வேண்டாம் என்றால் 'சென்சா அச்சூகே' என்று சொல்லுங்கள். எரிச்சேயில் பாதாம் இனிப்புகள் புகழ்பெற்றவை. அவற்றின் செய்முறை கன்னிமாடங்களில் வளர்ந்தது.

மீன் உண்பவர்கள் குஸ்குஸைத் தவறவிடக் கூடாது. துனீசியக் கரையோடு இவ்வூருக்கு இருந்த பழைய உறவின் சாட்சி அது. ரவையில் நீர் தெளித்து, அகன்ற மண்தட்டில் விரல்களால் உருட்டிச் சிறு மணிகளாக்குவார்கள். பிறகு துளையிட்ட மண்கலத்தில் இட்டு, பானைகள் சேரும் இடத்தை மாவால் அடைத்து, ஆவியில் வேகவைத்து, மீன் சாற்றை ஊற்றிக் கம்பளியால் மூடி ஊறவிடுவார்கள். அவசரத்தில் செய்ய இயலாத உணவு என்பதால், முந்தைய நாளே சொல்லிவைத்தால்தான் சில சிறிய உணவகங்கள் செய்து தருகின்றன.

கேள்வி: மோத்சியா தீவையும் உப்பளங்களையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். மோத்சியா ஆழமற்ற ஸ்தஞ்ஞோனே காயலில் உள்ளது; படகில் சில நிமிடங்களே ஆகும். கி.மு. 397இல் சிரக்யூஸின் ஆட்சியாளன் தியொனீசியஸ் அழித்த நகரம் அது; இன்றைய லெபனான் கரையைச் சேர்ந்த கடல் வணிகர்களான ஃபீனிசியர் நிறுவியது. 1979இல் அங்கே கிடைத்த பளிங்கு இளைஞன் சிலையை முதலில் பாருங்கள். மெல்லிய ஆடையின் மடிப்புகள் உடலோடு ஒட்டியிருக்கும் நேர்த்தி வியப்பளிப்பது. மாலையில் கரைக்குத் திரும்பி உப்பளங்களுக்குச் செல்லலாம். உப்பு அள்ளுவது கோடையில்தான். அப்போது ஓடுகளால் மூடிய உப்புக் குவியல்களையும் காற்றாலைகளையும் ஒருசேரக் காணலாம்.

கேள்வி: பந்தெல்லேரியாவுக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாமா?

வேண்டாம். மாகாண எல்லைக்குள் இருந்தாலும் அத்தீவு சிசிலியைவிடத் துனீசியாவுக்கே அருகில் உள்ளது. எரிமலைக் கல் வீடுகளும், காற்றுக்குத் தப்பிக் குழிகளில் குட்டையாக வளரும் திராட்சைக் கொடிகளும், உப்பிட்ட கேப்பர் மொட்டுகளும் அத்தீவின் சிறப்பு. அக்கொடிகளை வளர்க்கும் முறையை யுனெஸ்கோ 2014இல் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐந்து இரவுத் திட்டத்தில் அதைத் திணிக்காமல், விமானத்திலோ இரவுக் கப்பலிலோ சென்று குறைந்தது மூன்று நாள் தங்கும்படி தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.