பட்டறைக் கேள்விகள்: டேங்கில் தேங்கும் தண்ணீர்

கேள்வி: ஐயா, ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு மரவேலை செய்கிறேன். ஸ்டூல், சின்ன அலமாரி, ஊஞ்சல் பலகை இவைதான். இனி ஸ்ப்ரேயில் பாலிஷ் அடிக்கவும், ஆணி கன் ஓட்டவும் ஆசை. அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் வேண்டும். கடையில் 2 எச்.பி. மோட்டார், 50 லிட்டர் டேங்க் போதும் என்கிறார்கள். நண்பர் ஒருவர், பழைய 100 லிட்டர் மெஷின் பாதி விலைக்கு வருகிறது, அதை எடு என்கிறார். எது சரி? எப்படிப் பராமரிப்பது?
– வாசகர், கொளத்தூர்

பதில்: பழையது வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் கீழே வருகிறது.

டேங்க் எத்தனை லிட்டர் என்பதை விட, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்று கேளுங்கள். அதுதான் சி.எஃப்.எம். அதிலும் ‘டிஸ்பிளேஸ்மென்ட்’ (பிஸ்டன் உள்ளே இழுக்கும் கணக்கு) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ‘எஃப்.ஏ.டி.’ என்று சின்னதாக இருக்கும் எண்தான் உங்கள் கைக்கு வரும் காற்று. தோராயமாக 1 எச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். கிடைக்கும். ஆணி கன்னுக்குக் காற்று மிகக் குறைவாகவே போதும். ஸ்ப்ரே கன்தான் நிறுத்தாமல் குடிக்கும். அதனால் கன்னை முதலில் முடிவு செய்து, அதன் அட்டையில் போட்டிருக்கும் சி.எஃப்.எம்.மை விடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் மெஷினை எடுங்கள். 5 சி.எஃப்.எம்.முக்குள் ஓடும் சின்ன கன் என்றால் உங்கள் கடைக்காரர் சொன்ன 2 எச்.பி. சரிதான். பெல்ட் வைத்த, எண்ணெய் ஊற்றும் மாடலாக வாங்குங்கள். மோட்டாரோடு நேராகப் பூட்டிய மலிவான எண்ணெயில்லா மெஷினின் இரைச்சல் தகர ஷெட்டுக்குள் இரண்டு மடங்காகக் கேட்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நினைத்துப் பாருங்கள்.

2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. 16 ஆம்பியர் பிளக் பாயின்டிலிருந்து நேராகக் கொடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அப்படி நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். எட்டவில்லை என்றால் வயரை நீட்டாமல் காற்று ஹோஸை நீட்டுங்கள்.

இப்போது தண்ணீர். நம் ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் என்று மெஷின் வைத்திருப்பவர்களே யோசிப்பதில்லை. 50 லிட்டர் டேங்க் 8 பார் அழுத்தம் வரை நிரம்ப, வெளிக்காற்று 400 லிட்டர் உள்ளே போகிறது. 30 டிகிரி வெயிலும் புழுக்கமும் உள்ள நாளில் அதில் சுமார் 10 கிராம் தண்ணீர் இருக்கும். அழுத்தி, ஆறிய பிறகு பெரும்பகுதி திரவமாகி அடியில் தங்கிவிடும். ஒரு தடவை நிரம்பினால் ஒன்றரை டீஸ்பூன். மெஷின் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் ஒரு டம்ளர் வரைகூட வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 26 வருடம் கம்ப்ரஸர் பழுது பார்த்தவன் நான். ஒரு பட்டறையில் டேங்கின் அடியில் விசில் மாதிரி சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார்கள். காற்றை எல்லாம் இறக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் அடியைத் தட்டினேன். முனை உள்ளே போய்விட்டது. வெளியே பளபளவென்று பெயின்ட், உள்ளே தகடு காகிதமாகியிருந்தது. அடியில் தண்ணீரை வெளியே விடும் ட்ரெயின் வால்வை வருடக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. ‘ஒரு பற்று வைத்துக் கொடுங்கள்’ என்றார் முதலாளி. மாட்டேன் என்று வந்துவிட்டேன். துருப்பிடித்த டேங்கில் வெல்டிங் வைத்து மறுபடி 8 பார் ஏற்றுவது பக்கத்தில் நிற்பவனின் உயிரோடு விளையாடுவது. நண்பர் சொல்லும் பழைய டேங்கின் உள்பக்கத்தை யார் பார்த்தார்கள்? தண்ணீர் அழுத்தச் சோதனை செய்த சான்று கையில் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

ஆக, வேலை முடிந்ததும் தினமும் கொஞ்சம் காற்று இருக்கும்போதே அடி வால்வைத் திறந்து விடுங்கள். பழுப்பு நிறத்தில் தண்ணீர் சீறி வரும். காற்று மட்டும் வரும்வரை விட்டு மூடுங்கள். எண்ணெய்க் கண்ணாடியை வேலைக்கு முன் ஒரு பார்வை பாருங்கள். கம்ப்ரஸர் ஆயிலையே ஊற்றுங்கள், பைக் ஆயிலை அல்ல. மரத்தூள் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும், ஆகவே மெஷினை ரம்பம் இருக்கும் மூலையில் வைக்காதீர்கள். அழுத்தம் மீறினால் தானே திறந்து காற்றை விடும் சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அப்புறம், அதில் கசிகிறது என்று யாராவது அதை அடைத்து பிளக் போடச் சொன்னால் அவரை மறுபடி ஷெட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: மரத்துக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பூச்சு அடித்தால் மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. கம்ப்ரஸர் தண்ணீர்தான் காரணமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கன்னில் லாக்கர் ஊற்றாமல், வெறும் காற்றை மட்டும் கண்ணாடியில் இரண்டு நிமிடம் அடித்துப் பாருங்கள் அம்மா. பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்தால் லைனில் தண்ணீர் வருகிறது. ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்ச்சர் ட்ராப்பை டேங்கின் வாயிலேயே மாட்டியிருப்பீர்கள். அங்கே காற்று இன்னும் சூடு, ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். 20 அடி ஹோஸ் தாண்டி, கன்னுக்குப் பக்கம் மாற்றுங்கள். கண்ணாடியில் ஒன்றும் விழவில்லை என்றால் கம்ப்ரஸர் மேல் குற்றமில்லை. தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர வைக்கிறது, வெளியே உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேருங்கள், அல்லது ஐப்பசி மழை விட்டு நல்ல வெயில் வரும் நாளில் அடியுங்கள்.

கேள்வி: மோட்டார் நின்றதும் ‘புஸ்’ என்று காற்று போகிறதே, கசிவா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஒரு நொடியில் நின்றுவிட்டால் நல்ல அறிகுறி. அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்ப, பிரஷர் ஸ்விட்ச், டேங்குக்குப் போகும் குழாயில் மிச்சமிருக்கும் காற்றை விடுகிறது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் டேங்கின் வாயில் உள்ள, காற்றைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வில் அழுக்கு ஏறியிருக்கும். கழற்றித் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். பிளக்கைப் பிடுங்கி, டேங்கைக் காலி செய்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.