களியும் கீசரும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் ஒரு குடும்பத்தோடு இரண்டு மாதம் தங்கப் போகிறேன். நான் சைவம். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் கரண்ட். பல வீடுகளில் ப்ரீபெய்டு மீட்டர். பணம் கட்டினால் வரும் 20 இலக்க எண்ணை அதில் அடிக்க வேண்டும். யூனிட்டைத் தின்பது கீசர். 150 லிட்டர் தொட்டி, 3 கிலோவாட் காயில் என்றால், காலியானபின் மறுபடி சூடேற இரண்டரை மணி நேரம், ஏழெட்டு யூனிட் ஆகும். ஷவரில் நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்; வாளியில் குளியுங்கள்.

நம்மூர் 15 ஆம்பியர் பிளக் அங்கே பொருந்தும். சார்ஜரின் சின்ன 5 ஆம்பியர் பிளக்கை 15 ஆம்பியராக மாற்றும் 5-15 அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

சாப்பாடு 'பாப்', அதாவது மக்காச்சோள மாவுக் களி. தொட்டுக்கொள்ள, மசாலாப் பொடி போட்ட காய்கறித் தொக்கான 'சக்கலக்கா' நம் நாக்குக்கு ஒத்துப்போகும். 'சைவம்' என்றால் மட்டும் போதாது. கோழி, மீன், எலும்புச்சாறு என்று பெயர் சொல்லியே மறுங்கள். வீட்டுப் பாட்டியை, பாட்டி என்றே பொருள்படும் 'கோகோ' என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.