பருத்த டேலியா கிழங்கு ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: பல வருடங்களாக வீட்டுத் தோட்டத்தில் ஆசையாக டேலியா வளர்க்கிறேன். எடுத்து வைத்த கிழங்குகளை இம்முறை ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டேன். நல்ல பருமனான கிழங்குகள் பலவும் முளைக்கவே இல்லை. முளைத்தவையும் இலையாகவே மண்டி நிற்கின்றன, பூ குறைவு. பேசாமல் விதை போட்டு வளர்க்கலாமா?

பதில்: கிழங்கின் பருமனை நம்பி நட்டிருக்கிறீர்கள். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் உண்டு. டேலியா கிழங்கோ பருத்த வேர்தான், அதில் கண் கிடையாது. பழைய தண்டின் அடிக்கட்டையும் கிழங்கின் கழுத்தும் சேரும் இடத்தில்தான் முளைக்கண் இருக்கும். அந்த அடிக்கட்டையில் ஒரு துண்டு ஒட்டாமல் பிரிந்த கிழங்கு எவ்வளவு பெரிதானாலும் முளைக்காது. கழுத்து முறிந்ததும் அப்படித்தான். கண்ணோடு இருந்தால் கட்டைவிரல் அளவுக் கிழங்கே போதும்.

தோண்டிய உடனே கண் தெரிவது சிரமம். நடும் பருவம் வரும்போது கொத்தை அப்படியே லேசான ஈரமுள்ள தேங்காய் நார்த்தூளில், வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கழுத்தருகே குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு புடைப்பு தெரியும். அதுதான் கண். அதைப் பார்த்தபின் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள், வெட்டுவாய் காய்ந்ததும் நடுங்கள்.

நடும்போது கிழங்கைப் படுக்க வைத்து, கண் மேல் பார்த்திருக்க, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். முட்டுக்கம்பையும் அப்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். அப்புறம் தண்ணீர் விஷயம். ஆசை உள்ளவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். முளை வரும்வரை உறிஞ்ச வேர் இல்லை, ஊற்றும் தண்ணீர் கிழங்கை அழுகத்தான் வைக்கும். மண்ணில் லேசான ஈரம் இருந்தால் போதும்.

இலை மண்டுவதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்ததோ நிழலோ காரணமாக இருக்கலாம். தினமும் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். யூரியாவை நிறுத்திவிட்டு, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கொடுங்கள். அடுத்த முறை மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்துப் பூவும் பெருகும்.

விதை போடலாம், தவறில்லை. ஆனால் தோட்ட டேலியாவில் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் எட்டுத் தொகுதிகளாக இருப்பதால், அவை விதையில் பலவிதமாகக் கலந்துவிடும்; தாய்ச்செடியின் நிறமும் வடிவமும் விதையில் அப்படியே வராது. புதுப் பூ எப்படி வருமோ என்று காத்திருப்பதில் தனி சுகம் உண்டு, அதற்காக ஒரு ஓரத்தில் போடுங்கள். உங்களுக்குப் பிடித்த ரகத்தைக் காப்பாற்ற கிழங்கு அல்லது தண்டுக் குச்சிதான் வழி. கிழங்கிலிருந்து எழும் 8 செ.மீ. அளவுள்ள இளம் முளையை அடியோடு வெட்டி, மணல் கலந்த நார்த்தூளில் நட்டால் வேர் பிடிக்கும். ஒரு கிழங்கிலிருந்தே பல செடிகள் கிடைக்கும்.

இலை நரம்பை ஒட்டி மஞ்சள் ஓடி, செடியும் குட்டையாக நின்றால் தேமல் நச்சுயிரியாக (மொசைக் வைரஸ்) இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அந்தச் செடியிலிருந்து குச்சியும் எடுக்காதீர்கள், கிழங்கும் சேமிக்காதீர்கள். வேரோடு பிடுங்கி அழித்துவிட்டு, அருகிலுள்ள செடிகளில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நோயைப் பரப்புவது அதுதான்.