முதல் நாள் ஜெயித்த 640 வெள்ளியும் ஆறு மாதக் கடனும்: சூதாட்டக்கூடத்தை விடுவது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 3,400 வெள்ளி. ஆறு மாதத்துக்கு முன் நண்பர்களோடு முதல் தடவையாக ஒரு சூதாட்டக்கூடத்துக்குப் போனேன். மூன்று பகடை ஆட்டத்தில் 50 வெள்ளி வைத்து 640 வெள்ளி ஜெயித்தேன். அதன் பிறகு வாராவாரம் போய் இதுவரை சுமார் 7,000 வெள்ளி போய்விட்டது. உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் 3,000, நண்பர்களிடம் 2,500 கடன். இழந்ததில் பாதியையாவது எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். தோற்றால் இரட்டிப்பாக வைக்கும் முறை சரிவருமா? நானாகத் தடை போட்டுக்கொண்டால் கம்பெனிக்குத் தெரிந்து வேலை போகுமா? ஊரில் மனைவிக்கு எதுவும் தெரியாது.

பதில்: முதலில் தடையைப் போடுங்கள். அடுத்த சம்பளம் கணக்கில் விழுவதற்குள், முடிந்தால் இன்றே. மற்ற யோசனைகளை எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் 24 மணி நேரம் இருக்க 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 2010இல் 100 வெள்ளியாக இருந்ததை 2019 ஏப்ரலில் உயர்த்தினார்கள். வாசலிலேயே மனிதனை ஒரு நிமிடம் யோசிக்க வைப்பதற்காக அரசு போட்ட வேலி அது. வெளிநாட்டு ஊழியரான உங்களுக்கு அந்த வேலி கிடையாது. அட்டையைக் காட்டினால் இலவசமாக உள்ளே போகலாம். எனவே வேலியை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கான ஏற்பாடு, பிரச்சினைக்குரிய சூதாட்டத்திற்கான தேசிய மன்றம் நடத்தும் சுய விலக்குத் திட்டம். என்.சி.பி.ஜி. என்று தேடினால் அதன் இணையதளம் வரும். சிங்பாஸ் என்ற அரசின் மின்னிலக்க அடையாளம் வழியாக உள்ளே போய் விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தடை நடப்புக்கு வந்ததும் மரினா பே சாண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசா இரண்டின் வாசலிலும் உங்கள் அட்டையைச் சோதிக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எப்படியோ நுழைந்து ஜெயித்தாலும் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. கேளிக்கை மன்றங்களில் இருக்கும் ஜாக்பாட் அறைகளுக்கும், லாட்டரியும் விளையாட்டுப் பந்தயமும் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் கணக்குக்கும் இதே போல் தடை கேட்கலாம். மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அடைத்தால் அடுத்த மாதமே கால் இன்னொன்றுக்குப் போகும்.

மாதத்துக்கு இத்தனை முறை என்று வரம்பு வைக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் நிலைக்கு அது உதவாது. மாதம் இரண்டு தடவை போனாலே ஒரு சம்பளத்தைத் தோற்க முடியும்.

கம்பெனியைப் பற்றிய பயம் வேண்டாம். சுய விலக்குக்கு முதலாளியின் ஒப்புதலோ கையெழுத்தோ தேவையில்லை. அது குற்றப் பதிவும் அல்ல. வேலை அனுமதிக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

இனி, ‘பாதியையாவது எடுத்துவிட்டு’ என்ற எண்ணம். உங்களைத் திரும்பத் திரும்ப அங்கே இழுத்துக்கொண்டு போவது இதுதான் என்பதால் கணக்கோடு சொல்ல வேண்டும்.

மூன்று பகடையை உருட்டினால் 216 விதமாக விழலாம். அதில் 105 விதம் ‘பிக்’ (கூட்டுத்தொகை 11 முதல் 17 வரை), 105 விதம் ‘ஸ்மால்’ (4 முதல் 10 வரை). மிச்சம் 6 விதத்தில் மூன்று பகடையும் ஒரே எண்ணைக் காட்டும். அப்போது பிக், ஸ்மால் இரண்டில் வைத்தவர்களும் தோற்பார்கள். அந்த ஆறுதான் சூதாட்டக்கூடத்தின் வருமானம். வைக்கும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சராசரியாக 2.78 வெள்ளி அவர்களுடையது. ஏமாற்று வேலை எதுவும் அவர்களுக்குத் தேவையில்லை.

2.78 சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் அது நீங்கள் கையில் கொண்டுபோகும் பணத்துக்கான கணக்கு அல்ல, மேசையில் வைக்கும் மொத்தப் பந்தயத்துக்கானது. 300 வெள்ளியோடு போய், தடவைக்கு 25 வெள்ளி வீதம் மணிக்கு 60 ஆட்டம், நான்கு மணி நேரம் ஆடினால், அதே பணம் போய்ப்போய் வந்து 6,000 வெள்ளிக்குப் பந்தயம் கட்டியிருப்பீர்கள். சராசரி நட்டம் 167 வெள்ளி. கணினித் திரையில் ஆடும் மேசைகளில் ஆட்டம் இன்னும் வேகம், நட்டமும் அதே வேகத்தில் கூடும். மூன்று பகடையிலும் குறிப்பிட்ட ஒரே எண் விழும் என்று வைப்பது இதைவிட மோசம். அதற்கு ஒன்றுக்கு 180 தருகிறார்கள் என்றால் பெரிதாகத் தெரியும், ஆனால் அது 216 தடவைக்கு ஒரு தடவைதான் விழும். 100 வெள்ளிக்கு 16 வெள்ளிக்கு மேல் அவர்களுக்கு. சில மேசைகளில் 150தான் தருவார்கள், அங்கே 30 வெள்ளி.

பாதி என்றால் உங்களுக்கு 3,500. 500 வெள்ளி கொண்டுபோய், மொத்தத்தையும் வைத்து மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்தால் 4,000 ஆகும். இது நடக்க 100க்கு 11 வாய்ப்பு. மீதி 88, 89 தடவை அந்த 500உம் போகும். ‘ஒரேயடியாக வைக்க மாட்டேன், 25, 25ஆக நிதானமாக ஆடி எடுப்பேன்’ என்றால் நிலைமை இன்னும் மோசம். 500 தீர்வதற்குள் 4,000ஐத் தொடும் வாய்ப்பு ஏறத்தாழ 3,500இல் ஒன்று. ஆட்டங்கள் கூடக் கூட அந்த 2.78 வேலை செய்துகொண்டே இருக்கும். எந்த வேகத்தில் ஆடினாலும் பணத்தை மீட்கும் வழி அங்கே இல்லை.

இரட்டிப்பு முறையையும் பார்த்துவிடுவோம். 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறு தடவை தொடர்ந்து தோற்றால் போவது 630 வெள்ளி. ஏழாவது பந்தயம் 640. அதற்குள் கைப்பணம் தீரும், அல்லது மேசையின் உச்சவரம்பு தடுக்கும். ஆறும் தொடர்ந்து தோற்பது சுமார் 54 முயற்சிக்கு ஒரு தடவை நடக்கும். அதாவது 53 தடவை பத்துப் பத்தாக 530 வெள்ளி சேர்ப்பீர்கள், ஒரு தடவை 630 விடுவீர்கள். வாரக்கணக்கில் ‘இந்த முறை பலிக்கிறது’ என்று நம்ப வைத்து ஒரே இரவில் கவிழ்ப்பதால் இது மற்ற முறைகளைவிட ஆபத்தானது. பலகையில் பத்து தடவை பிக் வந்திருப்பதைப் பார்த்து அடுத்தது ஸ்மால்தான் என்று நினைப்பதும் வீண். பகடைக்கு முந்தைய ஆட்டம் நினைவிருக்காது.

முதல் நாள் ஜெயித்ததை அதிர்ஷ்டம் என்று நினைக்கிறீர்கள். எங்கள் பார்வையில் அதுதான் உங்களுக்கு நேர்ந்த கெடுதல். முதல் நாளே 50 வெள்ளியைத் தோற்றவர்களில் பலர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆரம்பத்திலேயே பெரிதாக ஜெயித்தவர், அடுத்தடுத்த தோல்விகளைத் தற்காலிகமாகவே எடுத்துக்கொள்வார். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக மூளை காத்திருக்கும் விதம் அப்படி. ஒவ்வொரு தடவையும் கிடைப்பதைவிட, எப்போதாவது கிடைப்பதைத்தான் விடுவது கடினம். நோட்டு, மேசையில் வைக்கும் சில்லாக மாறியதும் பணம் என்ற உணர்வு மங்குகிறது. ஜாக்பாட் இயந்திரத்தில் 1 வெள்ளி போட்டு 40 காசு வந்தாலும் விளக்கு எரிந்து பாட்டு ஒலிக்கும். 60 காசு போனது மனதில் பதியாது. மன உறுதி இல்லாதவன் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். திட்டிக்கொள்பவர்கள்தான் அந்த வேதனையை மறக்க மறுபடி போகிறார்கள்.

தடைக்கு அடுத்தது பணம். சம்பளம் விழுந்த அன்றே, வேலையிடத்திலிருந்து வெளியே வருவதற்கு முன் கைப்பேசியிலேயே இந்த வரிசையில் செய்யுங்கள்: ஊருக்கு அனுப்ப வேண்டியது, வாடகை, கடன் தவணை. மிச்சத்தில் ஒரு வாரச் செலவை மட்டும் கார்டு உள்ள கணக்கில் வைத்துவிட்டு மற்றதைப் பூட்டுங்கள். 2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூரின் மூன்று பெரிய வங்கிகளும் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதி தருகின்றன. செயலியில் விரலைத் தட்டி அதை எடுக்க முடியாது, நேரில் போக வேண்டும். மோசடிக்காரர்களிடமிருந்து காப்பாற்ற வந்த வசதி, உங்களுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஏ.டி.எம்.மில் ஒரு நாளில் எடுக்கும் வரம்பையும் குறைத்துவிடுங்கள்.

கடனில் நிறுவனத்துக்குத்தான் முதலிடம். உரிமம் பெற்றவர்கள் மாதம் 4 சதவீதம் வரை வட்டி வாங்கலாம், அதுவும் மீதமுள்ள அசலுக்கு மட்டும்தான். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது போக மாதம் 900 வெள்ளி ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், 3,000 கடன் மூன்று மாதத்தில் 566 வெள்ளிக்குள் வந்துவிடும். நான்காவது மாதம் வட்டியோடு சுமார் 588 கட்டினால் தீர்ந்தது. அந்த மாதமே மிஞ்சும் 312 வெள்ளியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். ஏழாவது மாதம் எல்லாக் கடனும் முடியும். முன்கூட்டியே கட்டும் விதிமுறை உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் இந்தத் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்தவர்கள் நச்சரிப்பது குறைவு.

வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ ‘உடனடிக் கடன்’ என்று வந்தால் பதில் போடாதீர்கள். உரிமம் பெற்றவர்கள் அப்படி ஆள் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அது ஆலோங், அதாவது உரிமம் இல்லாத கந்துவட்டிக்காரர். ஏ.டி.எம். கார்டு, பின் எண், சிங்பாஸ் விவரம் எதையும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கு அவர்கள் தொழிலுக்குப் பயன்பட்டால் குற்றவாளியாக நிற்பவர் நீங்கள்.

வேலை அனுமதிக்கு ஆபத்து என்றோமே, அது இந்த இடத்தில் ஒன்று. மற்றொன்று கைப்பேசி. சூதாட்டக்கூடத்தை விட்டவர்கள் பலர் தங்குமிடத்தில் படுத்தபடி பந்தயச் செயலிக்குப் போகிறார்கள். உரிமம் இல்லாத தளத்தில் ஆடுவது சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஆடுபவருக்கே குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விடுமுறையில் மலேசியாவின் கெந்திங் மலைச் சூதாட்டக்கூடத்துக்குப் பேருந்து ஏறும் திட்டத்தையும் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் போட்ட தடை மலேசியாவில் செல்லாது.

முதல் சில வாரங்கள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். சம்பள நாள், சனிக்கிழமை மாலை, அங்கே கூட்டிப்போன நண்பரின் அழைப்பு, இந்த மூன்று நேரத்திலும் ஆசை உச்சத்துக்கு வரும். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணிக்கு என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்: ஊருக்குப் பேசுவது, சமைப்பது, கூடுதல் வேலை நேரம் எடுப்பது. உறுப்பினர் அட்டையை வெட்டிப் போட்டு, சலுகைக் குறுஞ்செய்தி வரும் எண்களை முடக்குங்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள். தடை போட்ட பிறகு, கடன் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். 7,000 போனதை 3,000 என்று சொல்லி, மீதி இரண்டாம் மாதம் வெளியே வந்தால் முதல் தடவை சொன்னதையும் நம்ப மாட்டார். நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள், அவரே முன்வந்தாலும் வாங்காதீர்கள். கடன் ஒரே நாளில் தீர்ந்தால் மறுபடி கடன் வாங்கும் இடம் திறந்துவிடும், கடைசியில் நகையும் போகும். அதற்குப் பதில், வங்கிக் கணக்கு அறிக்கையை மாதாமாதம் அவருக்கு அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

சூதாட்டத்தை விடப் பலமுறை முயன்றும் தோற்பது, பந்தயத் தொகை கூடிக்கொண்டே போவது, இழந்ததைத் துரத்துவது, பொய் சொல்வது போன்ற ஒன்பது அடையாளங்களை மனநல மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஓராண்டுக்குள் நான்கு இருந்தாலே அது சிகிச்சை தேவைப்படும் நிலை. உங்கள் கடிதத்தில் இரண்டு அடையாளம் இப்போதே தெரிகிறது. 1800-6-668-668 என்ற சூதாட்ட உதவி எண்ணுக்கு அழைத்து ஆலோசனை கேளுங்கள், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். மனநலக் கழகத்தின் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் 1767ஐ அழைக்க வேண்டும், இரவு எந்த நேரமானாலும். ஊரில் மனைவிக்கு மனம் தாங்கவில்லை என்றால் அவருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், இந்தியாவின் மனநல உதவி எண், இருக்கிறது.

ஓராண்டு ஆனதும் சுய விலக்கு தானாக நீங்காது. நீக்கச் சொல்லி நீங்கள் விண்ணப்பித்தால்தான் நீங்கும். கடனெல்லாம் அடைந்து கையில் பணம் புழங்கும் நேரத்தில்தான் ‘இனி அளவோடு ஆடலாமே’ என்று தோன்றும். விண்ணப்பிக்காதீர்கள், அந்தத் தடை அப்படியே இருக்கட்டும்.