மாமனார், ஸ்டாலின், பெல்ஃபாஸ்ட் – கடிதம்

அண்ணா வணக்கம்,

போன வாரம் "மதத்தால போர் வருதுங்கறது பாதி உண்மைதான்"னு ஒரு வரி எழுதிட்டு நைசா வேற விஷயத்துக்குப் போயிட்டீங்க. எனக்கு அது தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்குது. எங்களுது தாத்தா காலத்துலேருந்து சுயமரியாதைக் குடும்பம். ஒரு நாள் நைட்டு குடும்ப வாட்ஸப் குரூப்ல, கடவுளைத் தூக்கிட்டா உலகத்துல முக்கால்வாசி சண்டை நின்னுடும், வட அயர்லாந்துல ஒரே ஏசுவைக் கும்பிடறவங்களே கத்தோலிக்கன் புராடஸ்டன்ட்னு முப்பது வருஷம் சுட்டுக்கிட்டாங்கன்னு போட்டேன். பிரதோஷம் தவறாம கோயிலுக்குப் போற எங்க மாமனார் உடனே, ஸ்டாலினுக்கு என்ன சாமி இருந்துச்சு, அவர் கொல்லாத ஆளான்னு திருப்பிப் போட்டார். குரூப்ல பாதிப் பேரு அதை நம்மூர் ஸ்டாலின்னு நெனச்சு உள்ள குதிச்சுட்டாங்க, அது தனிக்கூத்து. கடைசில மாமனார் குரூப்ல இருந்து லெஃப்ட் ஆயிட்டார், மூணு வாரமா பேச்சு இல்ல, வீட்டுக்காரம்மா முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்க. ஸ்டாலினுக்கு நான் என்ன பதில் சொல்லணும்? அயர்லாந்து உதாரணம் தப்பா?

பேர் போட்டுடாதீங்க, மாமனாரும் உங்க வாசகர்தான்.

கோபியிலிருந்து ஒரு வாசகன்

*

தம்பி,

நழுவினது உண்மைதான். அந்த வரியை விளக்கப் போனா அடி வாங்கணும்னு தெரிஞ்சுதான் அப்படியே விட்டேன். நீங்க விடல, சரி.

உதாரணம் தப்பில்ல, நல்ல உதாரணம். ஆனா அது உங்க பக்கம் சாட்சி சொல்லும்னு நெனச்சீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. நானும் காலேஜ் முடிச்ச புதுசுல இதே அயர்லாந்தைத்தான் பாக்கெட்ல வச்சுக்கிட்டுத் திரிவேன், யாராவது சாமின்னு ஆரம்பிச்சா எடுத்து வீசுவேன். அப்புறம் அந்தக் கதையை உக்காந்து ஒழுங்காப் படிச்சப்போதான் ஒண்ணு உறைச்சுது. பூசை அப்பம் நிஜமாவே ஏசுவோட உடம்பா மாறுதா இல்ல வெறும் அடையாளமாங்கற வாதத்துக்காக அங்க யாரும் யாரையும் சுடல. ஆனா மதச்சண்டைக்குன்னு கத்தோலிக்கனும் புராடஸ்டன்டும் வச்சிருக்கற அசல் கேள்வியே அதுதானே?

1968 ஜூன்ல நடந்ததைப் பாருங்க. டைரோன் பக்கம் காலிடன்னு ஒரு கிராமம், கவுன்சில் புதுசா வீடு கட்டியிருக்கு. கத்தோலிக்கக் குடும்பங்க புள்ளகுட்டியோட வீட்டுக்குக் காத்துக்கெடக்குது, ஒரு வீட்டை மட்டும் 19 வயசு, கல்யாணம் ஆகாத, தனி ஆளு ஒரு புராடஸ்டன்ட் பொண்ணுக்கு அலாட் பண்ணிட்டாங்க, பக்கத்து வீட்ல பூந்து உக்காந்திருந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை போலீஸை வச்சு வெளிய தூக்கிப் போட்டாங்க. ஆஸ்டின் கரி (அங்க சட்டசபையில எம்.பி.) பேசிப் பார்த்தார், வேலைக்கு ஆகல, நேரா அந்த வீட்டுக்குள்ள போய் உக்காந்துட்டார். போலீஸ் வந்து அவரையும் இழுத்துப் போட்டுச்சு. அந்த வருஷம் கிளம்பின சிவில் ரைட்ஸ் ஊர்வலங்களுக்கெல்லாம் பொறி அங்கதான் விழுந்துச்சு.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு அக்கப்போரான்னு தோணும். அந்த ஊர் லோக்கல் எலெக்‌ஷன் சட்டப்படி வீட்டு வரி கட்டற வீட்டுக்காரனுக்கும் அவன் பொண்டாட்டிக்கும்தான் ஓட்டு, அப்பா அம்மாவோட ஒண்டியிருக்கற மகனுக்கு மருமகளுக்கெல்லாம் கிடையாது, கம்பெனி வச்சிருக்கறவனுக்கு எக்ஸ்ட்ரா ஓட்டே உண்டு. ஆக கவுன்சில்காரன் ஒரு கத்தோலிக்கனுக்கு வீட்டுச் சாவி குடுத்தா அது சாவி மட்டுமில்ல, ரெண்டு ஓட்டு. டெர்ரி நகரத்துல கத்தோலிக்கர்தான் மெஜாரிட்டி, ஆனா வார்டை வெட்டின லட்சணத்துல கவுன்சில்ல யூனியனிஸ்ட்டுக்கு (பிரிட்டனோடயே இருக்கணும்கறவங்க, பெரும்பாலும் புராடஸ்டன்ட்) 12 சீட்டு, நேஷனலிஸ்ட்டுக்கு (அயர்லாந்தோட சேரணும்கறவங்க, பெரும்பாலும் கத்தோலிக்கர்) 8. வார்டு மறுவரையறைன்னு நம்மூர்ல சொல்லும்போதே நமக்கு வயித்தைக் கலக்குமே, அதே சமாச்சாரம்தான். அதே 1968 அக்டோபர் 5ஆம் தேதி டெர்ரில ஊர்வலம் போனவங்களை போலீஸ் லத்தியால வெளுத்துச்சு, டிவி கேமரால அது பதிவாச்சு, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் இறங்குச்சு, 1972 ஜனவரி 30 அதே ஊர்ல ராணுவம் சுட்டதுல 13 பேர் செத்தாங்க, இன்னொருத்தர் அப்புறம் ஆஸ்பத்திரில. 1998ல சமாதான ஒப்பந்தம் வர்றதுக்குள்ள 3,500 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க.

அப்போ மதம் எங்க வருது? ஆளைக் கண்டுபிடிக்க வருது. நம்மூர்ல வீடு வாடகைக்குக் கேட்டுப் போனா ஓனர் "சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு, குலதெய்வம் என்ன"ன்னு கொக்கி போடுவார்ல, அவருக்கு உங்க குலதெய்வத்து மேல பக்தியா? அங்கயும் அதேதான், பேர் என்ன, எந்த ஸ்கூல்ல படிச்சே, ஒரே ஊரை டெர்ரிங்கறியா (அது நேஷனலிஸ்ட் பேச்சு) லண்டன்டெர்ரிங்கறியா (அது யூனியனிஸ்ட் பேச்சு). ஆங்கில எழுத்து ஹெச் இருக்கே, அதை 'எய்ச்'னு சொன்னா புராடஸ்டன்ட், 'ஹெய்ச்'னு சொன்னா கத்தோலிக்கன்னு மோப்பம் பிடிப்பாங்களாம். (நாம மொத்த ஜில்லாவும் ஹெச்னுதான் சொல்றோம், அந்தக் கணக்குப்படி உங்க மாமனார் கத்தோலிக்கர்.) பெல்ஃபாஸ்ட்ல ஒரு பழைய ஜோக் உண்டு, ஒருத்தன் நான் நாத்திகன்னு சொல்றான், கேட்டவன் விடல, "சரிப்பா, கத்தோலிக்க நாத்திகனா புராடஸ்டன்ட் நாத்திகனா?" உங்க "கடவுளைத் தூக்கிட்டா நின்னுடும்"க்கு அந்த ஊர்க்காரங்களே சொல்லி வச்ச பதில் இது.

இதனால மதம் பாவம் ஒண்ணும் தெரியாத புள்ளைன்னு நான் சொல்ல வரல. மாமா, இதை நீங்களும் படிப்பீங்கன்னு தம்பி சொல்லிட்டார், அதனால உங்களுக்கும் சேர்த்தே சொல்றேன். இயன் பெய்ஸ்லின்னு ஒரு புராடஸ்டன்ட் பாதிரியார், 1951ல தனியா ஒரு சபையே ஆரம்பிச்சவர், அப்புறம் கட்சியும். 1988ல ஐரோப்பிய பார்லிமென்ட்ல போப் ரெண்டாம் ஜான் பால் பேசிக்கிட்டிருக்கும்போது எழுந்து நின்னு நீ அந்திக்கிறிஸ்துன்னு கத்தினார், தூக்கி வெளிய விட்டாங்க. வீட்டுக்காக, ஓட்டுக்காக அடிச்சுக்கிட்டா அதுல பாதியில பேரம் பேசலாம், இந்தாங்க 12ஐ 10 ஆக்கிக்கலாம்னு ஒரு இடத்துல வந்து நிக்கலாம், ஆனா எதிராளி சாத்தானோட ஆளுன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேட்டு வளர்ந்தவன் எங்க வந்து நிப்பான்? நான் பாதி உண்மைன்னு சொன்ன அந்தப் பாதி இதுதான்.

ஆனா அதே 1988ல, மார்ச் 19, பெல்ஃபாஸ்ட்ல ஐ.ஆர்.ஏ. (வட அயர்லாந்தை அயர்லாந்தோட சேர்க்கணும்னு துப்பாக்கி எடுத்த குழு) ஆள் ஒருத்தனோட சவ ஊர்வலம். மூணு நாள் முன்னாடிதான் இதே மாதிரி ஒரு அடக்கத்துல எதிர்த்தரப்பு ஆள் பூந்து குண்டு வீசி மூணு பேரைக் கொன்னிருக்கான், கூட்டம் கொதிச்சுப் போய்க் கிடக்கு. அதுக்குள்ள சிவில் டிரஸ்ல ரெண்டு பிரிட்டிஷ் சிப்பாய்ங்க காரை விட்டுட்டாங்க. இழுத்துப் போட்டு அடிச்சு, சுட்டுட்டாங்க. அலெக் ரீட்னு ஒரு கத்தோலிக்க பாதிரியார், அவர் குறுக்கப் பூந்து தடுத்துப் பார்த்தார், முடியல. சுட்டுப் போட்ட அப்புறமும் பக்கத்துல மண்டி போட்டு வாயில வாய் வச்சு மூச்சு குடுத்திருக்கார், கடைசி ஜெபம் சொல்லியிருக்கார். உதட்டுல ரத்தத்தோட அவர் நிமிர்ற போட்டோ உலகம் பூரா போச்சு. யாருக்கும் தெரியாதது என்னன்னா, அந்த நேரம் அவர் கோட்டுக்குள்ள ஒரு கவர் இருந்துச்சு. ஐ.ஆர்.ஏ. பக்கத்து அரசியல் தலைவர் ஜெரி ஆடம்ஸ் தரப்புலேருந்து, வன்முறையே கூடாதுன்னு நின்ன நேஷனலிஸ்ட் தலைவர் ஜான் ஹ்யூமுக்கு ரகசியமா போக வேண்டிய பேப்பர். ரத்தம் பட்ட கவரைத் தூக்கிப் போட்டுட்டு வேற கவர்ல வச்சு கொண்டுபோய்ச் சேர்த்துட்டார். பத்து வருஷம் கழிச்சு வந்த ஒப்பந்தத்துக்கு அடி வேர்ல அந்த கவரும் ஒண்ணு. அந்த மனுஷன் சாமி கும்பிடறதை விட்டிருந்தா அந்த இடத்துல மண்டி போட்டிருப்பாராங்கறது எனக்குத் தெரியல தம்பி, என் நாத்திகம் அந்த போட்டோகிட்ட வந்தா மட்டும் கொஞ்சம் தடுமாறும்.

பெய்ஸ்லி கதையும் அங்க முடியல. "நெவர், நெவர்"னே காலம் பூரா கத்தினவர், 2007ல முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கினஸ் பக்கத்துல முதல்வரா உக்காந்தார், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறதைப் பார்த்து ஊரே அவங்களுக்கு சிரிப்புச் சகோதரர்கள்னு பட்டப்பேரு வச்சுது. ஆனா பெல்ஃபாஸ்ட்ல ரெண்டு பக்கத்தையும் பிரிக்கற சுவர் இன்னும் நிக்குது.

ஸ்டாலினுக்கு வர்றேன். மாமா சொன்னது சரி, அதை ஒத்துக்கிட்டுடுங்க, சப்பைக்கட்டு கட்டாதீங்க. சர்ச்சுகளை மூடினது, பாதிரியார்களைச் சுட்டது எல்லாம் நடந்ததுதான். ஆனா 1943ல, ஹிட்லரோட சண்டை உச்சத்துல, அதே ஸ்டாலின் பிஷப்புகளை ராத்திரியில கிரெம்ளினுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு சபைக்கு மறுபடி தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கோங்கன்னார். அவருக்கு பக்தி வந்திருக்கும்னு மாமாவே நம்ப மாட்டார்.

ஏன் ஈழத்தைப் பத்திப் பேசலன்னு யாராவது கேப்பீங்க. வேணும்னேதான் விட்டேன், அதைத் தொட்டா நம்ம யாருக்கும் நிதானம் இருக்காது, எனக்கும் இல்ல.

இனிமே வாட்ஸப்ல வேணாம், நேர்ல போங்க. பெய்ஸ்லியை மாமா சொல்லட்டும், ரீட் பாதிரியாரை நீங்க சொல்லுங்க, உங்க உங்க ஆளை நீங்களே புகழ்ந்துக்கிட்டா மறுபடி மூணு வாரம் ஆயிடும். ஸ்டாலின் பேச்சு வந்தா மட்டும் ரஷ்யா ஸ்டாலின்னு முதல்லயே சொல்லிடுங்க.